சத்துக் குளிசை வயிற்றுக்கு ஒத்துவராதவர்களுக்கு: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வழிகாட்டி

இரும்புச்சத்துக் குறைவு, பி12 குறைவு, விற்றமின் டி குறைவு என்று ரிப்போர்ட் வந்திருக்கும். குளிசையும் எழுதித் தந்திருப்பார்கள். இரண்டாம் நாளே ஓங்காளம், நெஞ்செரிவு, இல்லையென்றால் நான்கு நாளாக மலம் போகவில்லை. 'இது எனக்கு ஒத்துவராது' என்று அட்டையை அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டு, பழையபடி தலைச்சுற்றோடும் களைப்போடும் திரிவது. எங்கள் ஊரில் எத்தனையோ வீடுகளில் இதுதான் நடக்கிறது.

எனக்கு இரும்பும் குறைவு, பி12-உம் குறைவு, கூடவே பழைய கேஸ்ரிக். டொக்டர் ஒன்று சொன்னார், பாமசியில் ஒன்று சொன்னார்கள், பெரியம்மா ஒன்று சொன்னா. எதை முதலில் செய்வது, எதை எதோடு சேர்க்கக்கூடாது என்று வரிசையாக ஒருவரும் சொல்லவில்லை. அந்த வரிசைதான் இது. நான் டொக்டர் இல்லை, உங்களுக்கான அளவை டொக்டர்தான் தீர்மானிக்கவேண்டும். கர்ப்பிணிகள் இதைப் பார்த்து எதையும் மாற்றவேண்டாம். உங்களுக்குக் கிளினிக்கில் இரும்பு, போலிக் அசிட், கல்சியம் எல்லாம் இலவசமாகவே தருகிறார்கள், ஒத்துவராவிட்டால் மருத்துவ மாதுவிடமே சொல்லுங்கள்.

1. பாமசிக்குப் போகமுதல் லாப்புக்குப் போங்கள்

களைப்பு, முடி கொட்டுதல், கால் உளைவு என்றவுடன் ஒரு மல்ற்றி விற்றமின் வாங்கிப் போடுவதுதான் வழக்கம். அதைச் செய்யவேண்டாம். மல்ற்றி விற்றமினில் இரும்பும் சிங்க்கும் சேர்ந்திருக்கும், வெறும் வயிற்றில் ஓங்காளத்தைக் கிளப்புவதில் இரண்டுமே கெட்டிக்காரர்கள். அதோடு, பி12 குளிசையோ ஊசியோ எடுத்தபிறகு ரத்தம் கொடுத்தால் அளவு உயர்ந்து காட்டும், உண்மையில் குறைவு இருந்ததா என்று பிறகு ஒருவராலும் சொல்லமுடியாது.

டொக்டரிடம் கேட்கவேண்டியவை எப்.பி.சி. (ரத்த அணுக்களை எண்ணும் முழுச் சோதனை), சீரம் பெரிற்றின் (உடம்பில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டுவது), பி12, தேவை என்று அவர் நினைத்தால் விற்றமின் டி. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து 'இரும்பு குறைவு' என்று முடிவெடுப்பது போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் ரத்தச்சோகை. ஆனால் அதற்குக் காரணம் இரும்பா, பி12-ஆ, தலசீமியா வகைப் பரம்பரைக் கூறா என்று அந்த எண் சொல்லாது. எப்.பி.சி.யில் எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும், சிவப்பணுவின் சராசரிப் பருமன் அது. 80-க்குக் கீழே என்றால் இரும்புப் பக்கம் சந்தேகம், 100-க்கு மேலே என்றால் பி12 அல்லது போலேற் (போலிக் அசிட்) பக்கம். இரண்டும் ஒன்றாகக் குறைந்தால் ஒன்றையொன்று சமன் செய்து எம்.சி.வி. நல்ல பிள்ளை மாதிரி நடுவில் நிற்கும். எனக்கு அப்படித்தான் நின்றது.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. காய்ச்சல் வந்து எழும்பிய கையோடு பெரிற்றின் பார்க்கவேண்டாம். காய்ச்சலிலும் அழற்சியிலும் பெரிற்றின் பொய்யாக ஏறும், டெங்குவில் தாறுமாறாக ஏறும். மாரி காலத்தில் காய்ச்சல் வந்தவர்கள் சில வாரம் பொறுத்துப் போங்கள். மற்றது பயோற்றின். முடி, நகத்துக்கு என்று விற்கும் குளிசைகளில் இது பெருமளவில் இருக்கும், சில லாப் முறைகளில் தைரொயிட், பி12 முடிவுகளைக் குழப்பிவிடும். ரத்தம் கொடுக்க இரண்டு மூன்று நாளுக்கு முன்பே நிறுத்துங்கள், லாப்பிலும் சொல்லுங்கள்.

2. கொப்பியை ஒழுங்காக்குங்கள்

அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் ஒரு பைலில் இருக்கட்டும். புதிதாகப் போகிறவர் என்றால் வெளியே பார்த்த டொக்டரின் கடிதம் இருந்தால் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஓ.பி.டி.யில் (வெளிநோயாளர் பிரிவில்) கதை சொல்ல உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான்.

இதையெல்லாம்விட முக்கியம், நீங்கள் இப்போது போடுகிற எல்லாவற்றின் பட்டியல். கேஸ்ரிக்குக்கு ஒமிப்பிரசோல், சீனி வருத்தத்துக்கு மெற்போமின், தைரொக்சின், நெஞ்செரிவுக்குக் கடையில் வாங்கிய பாணி, சித்த வைத்தியர் தந்த செந்தூரம், கனடாவிலிருந்து சித்தி அனுப்பிய போத்தல், எதையும் விடாதீர்கள். போத்தல் என்றால் பின்பக்க லேபிளைப் போனில் படம் எடுத்தால் போதும். 'அது மருந்தில்லையே, சும்மா சத்துத்தானே' என்று நாங்கள் சொல்லாமல் விடுகிற சாமான்தான் பல நேரம் வில்லன். அயச்செந்தூரமும் இரும்புக் குளிசையும் சேர்த்து எடுக்கிறவர்கள் இரு பக்கமும் சொல்லுங்கள். இரண்டும் இரும்புதான்.

மருந்துத் துண்டைப் படிக்கவும் கொஞ்சம் பழகுங்கள். 'மானே' என்றால் காலை, 'நொக்டே' என்றால் இரவு, 'பி.டி.' என்றால் நாளுக்கு இரண்டு தடவை. ஆஸ்பத்திரியில் குளிசையைச் சின்னக் கடதாசி உறையில் போட்டு மேலே பேனையால் ஏதோ கிறுக்கித் தருவார்கள். ஜன்னலை விட்டு நகரமுதல் அதை வாசித்துப் பாருங்கள், விளங்காவிட்டால் அங்கேயே கேளுங்கள். பின்னால் நிற்பவர் முறைப்பார், முறைக்கட்டும்.

3. எங்கே போவது, எவ்வளவு செலவு

யாழ் போதனா வைத்தியசாலை, அல்லது உங்களுக்குக் கிட்டவுள்ள தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகள். பார்ப்பதும் இலவசம், இருக்கிற மருந்தும் இலவசம். விலை நேரம்தான். காலமை வெள்ளனப் போய் நம்பர் எடுக்கவேண்டும், அரைநாள் போய்விடும் என்று நினைத்தே வீட்டு வேலையைத் திட்டமிடுங்கள். எப்.பி.சி. அங்கேயே செய்யலாம். பெரிற்றின், பி12, டி மூன்றையும் எப்போதும் எதிர்பார்க்கமுடியாது, வெளியே செய்யச் சொல்லித் துண்டு தரக்கூடும்.

வெளி லாப் என்றால் முதலில் போன் பண்ணி விலை கேளுங்கள், இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். எப்.பி.சி. மலிவு. பெரிற்றினும் பி12-உம் அதைப்போலப் பல மடங்கு, டி அதற்கும் மேலே. காசு இறுக்கம் என்றால் முதலில் எப்.பி.சி.யும் பெரிற்றினும், அதன் முடிவைப் பார்த்துப் பி12, கடைசியில் டி என்று டொக்டரோடு கதைத்து வரிசைப்படுத்தலாம். கால் விறைப்பு, நாக்குப் புண், சுத்த சைவச் சாப்பாடு, நீண்டகாலமாக மெற்போமின், இதில் எது இருந்தாலும் பி12-ஐ முன்னுக்குத் தள்ளுங்கள். இந்தச் சோதனைகளுக்கு வெறும் வயிற்றில் போகத் தேவையில்லை, வேறேதும் சேர்த்துச் செய்தால் மட்டும் லாப்பில் கேளுங்கள். எப்.பி.சி. அன்றே வரும். மற்றவற்றுக்குச் சில நாள் எடுக்கலாம்.

குளிசை வாங்கும்போது முழுப் பெட்டியும் வாங்காதீர்கள். ஒரு கிழமைக்கு மட்டும் எண்ணி வாங்குங்கள், வயிறு ஏற்றால் மிச்சத்துக்குப் போகலாம். பெயர்போன கம்பனிக் கப்சியூலுக்கும் சாதாரண பெரஸ் சல்பேற்றுக்கும் விலை வித்தியாசம் பெரிது, உள்ளே இருக்கும் இரும்பில் அவ்வளவு வித்தியாசம் இருக்காது. அரச பாமசியான ஒசுசலவில் ஒரு தடவை கேட்டுவிட்டு வெளியே வாங்குங்கள்.

4. வயிறுதான் காரணமா என்று கேளுங்கள்

இதை ஒருவரும் தானாகச் சொல்லமாட்டார்கள். வயிறு வேறு வருத்தம், சத்துக்குறைவு வேறு வருத்தம் என்று இரண்டு கொப்பியாக வைத்திருப்போம். பல பேருக்கு இரண்டும் ஒன்றுதான். இரும்பு கரையவும், சாப்பாட்டிலிருந்து பி12 பிரியவும் வயிற்றின் அமிலம் வேண்டும். ஒமிப்பிரசோல் வகை மருந்து அந்த அமிலத்தை அடக்குகிறது, வருடக்கணக்கில் எடுத்தால் பி12 குறையலாம், இரும்பும் ஏறாமல் நிற்கலாம். ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற கிருமி வயிற்றில் இருந்தால் கேஸ்ரிக்குக்கும் இரும்புக் குறைவுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். கொழுக்கிப் புழு இருந்தால் குடலிலிருந்து ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், நீங்கள் மேலே குளிசை போடப்போட அது கீழே குடிக்கும்.

ஆகவே கிளினிக்கில் நேராகக் கேளுங்கள்: 'இந்தக் கேஸ்ரிக் மருந்து எனக்கு இன்னும் வேணுமா? பைலோரி சோதிக்க வேணுமா? பூச்சி மருந்து எடுக்கவா?' ஒமிப்பிரசோலை நீங்களாகச் சடாரென்று நிறுத்தவேண்டாம், அமிலம் திரும்பப் பொங்கும், முன்பைவிட மோசமாக எரியும். பைலோரிக்கு மலச் சோதனையோ மூச்சுச் சோதனையோ செய்வதென்றால் ஒமிப்பிரசோல் வகையை 2 கிழமைக்கு முன்பும் அன்ரிபயோற்றிக்கை 4 கிழமைக்கு முன்பும் டொக்டரைக் கேட்டு நிறுத்தியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். இது தெரியாமல் காசு கொடுத்துச் சோதித்துவிட்டுத் 'தப்பினோம்' என்று இருப்பவர்கள் உண்டு.

ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் குளிசையோடு கதை முடியாது. ரத்தம் எங்கேயோ கசிகிறதா என்று கமரா விட்டுப் பார்க்கச் சொன்னால் பின்வாங்கவேண்டாம். ரத்தமாகச் சத்தி, தார் போல ஒட்டுகிற கறுப்பு மலம், விழுங்கக் கஷ்டம், காரணமில்லாமல் மெலிவு, நெஞ்சுநோ, நடந்தாலே மூச்சுவாங்குதல் என்றால் கிளினிக் நாள் வரும்வரை இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி, வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ்.

5. இரும்பு: ஒரு நாள் விட்டு ஒரு நாள்

வயிற்றோடு சண்டை பிடிக்கிறது இதுதான், அதனால் இதற்குக் கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறேன்.

பெரஸ் சல்பேற் 200 மில்லிகிராம் குளிசையில் உள்ள உண்மையான இரும்பு 65 மில்லிகிராம் அளவு. பெரஸ் பியுமரேற் 200-இலும் கிட்டத்தட்ட அதேதான். பெரஸ் குளுக்கோனேற் 300-இல் 35 அளவு. ஒத்துவரவில்லை என்றால் குறைந்த இரும்புள்ள வகைக்கு மாறலாமா என்று கேளுங்கள். குடலில் போய்த்தான் கரையும், வயிற்றுக்குச் சுகம் என்று சொல்லும் பூச்சுக் குளிசைகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரும்பு நன்றாக உறிஞ்சப்படுகிற மேற்குடலைத் தாண்டிப் போய்க் கரைந்தால் வயிறு சுகமாகத்தான் இருக்கும், ரத்தமும் அப்படியே இருக்கும்.

பழைய முறை நாளுக்கு மூன்று குளிசை. இப்போது அப்படி இல்லை. 2017-இல் சுவிற்சர்லாந்தில் இரும்பு குறைந்த பெண்களிடம் செய்த ஆய்வில், தினமும் எடுப்பதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கும்போது ஒவ்வொரு குளிசையிலிருந்தும் கூடுதல் இரும்பு உறிஞ்சப்பட்டது. ஒரு குளிசை போட்டதும் ஹெப்சிடின் என்ற ஹோர்மோன் ஏறி அடுத்த 24 மணி நேரம் வாசலைப் பாதி சாத்திவிடும். மிச்சமாகிற இரும்பு குடலில் கிடந்துதான் ஓங்காளமும் மலச்சிக்கலும். டொக்டர் தினமும் என்று எழுதியிருந்தால், ஒன்றைவிட்ட நாள் எடுக்கலாமா என்று கேளுங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள். ரத்தம் மிகவும் குறைந்தவர்களுக்கு அவசரம் வேறு, அவர்கள் சொன்னபடியே எடுங்கள்.

நேரம்தான் அடுத்த சிக்கல். வெறும் வயிற்றில் நன்றாக ஏறும் என்பது உண்மை, எங்கள் வயிறு அதைத் தாங்காது என்பதும் உண்மை. காலமை எழும்பியவுடன் பால்தேத்தண்ணி, பத்து மணிக்குப் பிளேன்ரீ, பின்னேரம் திரும்ப ஒன்று என்று குடிக்கிற ஊரில் இரும்புக்கு இடம் பிடிப்பதே கஷ்டம். தேயிலை இரும்பைக் கட்டிப்போட்டுவிடும், பாலும் கல்சியமும் அப்படித்தான். குளிசைக்கு முன் ஒரு மணி நேரமும் பின் இரண்டு மணி நேரமும் தேத்தண்ணி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சரிவந்தது பத்து மணித் தேத்தண்ணியைத் தியாகம் செய்தது: எட்டு மணிக்கு இடியப்பம், பதினொரு மணி போல இரண்டு துண்டு கொய்யாப்பழத்தோடு குளிசை, ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர். தேசிக்காய்த் தண்ணீரோடு எடுக்கச் சொல்வார்கள், நெஞ்செரிவு உள்ளவர்களுக்கு அந்தப் புளிப்பே எமன். விற்றமின் சி குளிசையைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கவும் தேவையில்லை. 2020-இல் வெளிவந்த சீன ஆய்வொன்றில் இரும்போடு சி சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஒரே மாதிரித்தான் ஏறியது.

அப்படியும் புரட்டினால் சாப்பாட்டோடேயே எடுங்கள். கொஞ்சம் குறைவாக ஏறும், பரவாயில்லை, சத்தி எடுத்த குளிசையால் ஒரு பலனும் இல்லையே. போட்டவுடன் படுக்கவேண்டாம், உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பாணி மருந்து என்றால் ஸ்ட்ரோ வைத்துக் குடித்து வாயைக் கொப்பளியுங்கள், பல் கறுக்கும். மலம் கறுப்பாகப் போவது வழமை, பயப்படவேண்டாம். தார் மாதிரி ஒட்டி நாறினால் மட்டும் மேலே நாலாம் படியைப் பாருங்கள்.

தைரொக்சின் எடுப்பவர்கள் இரும்புக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள். டொக்சிசைக்கிளின், சிப்ரோபுளொக்சசின் போன்ற அன்ரிபயோற்றிக் தந்தால் எவ்வளவு இடைவெளி என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையேல் அந்த மருந்தும் வேலை செய்யாது.

முருங்கை இலை சாப்பிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். சாப்பிடுங்கள், நல்லது. ஆனால் இலைகளில் உள்ள இரும்பு இறைச்சி, ஈரல், மட்டியில் உள்ளதைப்போல ஏறாது, காலியான பெரிற்றினை வறையால் நிரப்பமுடியாது. எல்லாம் முயன்றும் வயிறு ஏற்கவில்லை, அல்லது குளிசை எடுத்தும் எண் அசையவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் சேலைனோடு நாளத்தில் இரும்பு ஏற்றும் வழி இருக்கிறது. நீங்களாகக் கேட்டால்தான் அந்தப் பேச்சு வரும்.

6. பி12: இது சுலபம்

பி12 குளிசை வயிற்றை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. 1000 மைக்கிரோகிராம் போன்ற பெரிய அளவில் எடுத்தால், உறிஞ்சும் வழி பழுதானவர்களுக்குக்கூட நூற்றில் ஒரு பங்கு அளவு தானாகக் கசிந்து உள்ளே போகும், பலருக்கு அதுவே போதும். கை கால் விறைப்பு, நடை தடுமாற்றம், மறதி இருந்தால் ஊசிதான் முதலில், தாமதிக்கவேண்டாம், நரம்பு திரும்ப மாதக்கணக்கு எடுக்கும்.

பி12 பார்க்காமல் போலிக் அசிட் மட்டும் மாதக்கணக்கில் போடாதீர்கள். ரத்தம் சரியானது போல் காட்டும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும். முட்டையும் தொடாத சைவக்காரர் என்றால் பாலும் தயிரும் கொஞ்சம் உதவும், பழஞ்சோறும் ஸ்பைருலினாவும் பி12-க்குக் கணக்கில் வராது. நல்லூர்த் திருவிழாவுக்கு 25 நாள் மச்சம் விடுவதால் ஒன்றும் ஆகாது, ஈரலில் வருடக்கணக்கான சேமிப்பு இருக்கும். வருடம் முழுக்கச் சைவம் என்றால்தான் கவனம்.

7. விற்றமின் டி, கல்சியம்

இவ்வளவு வெயிலில் டி எப்படிக் குறையும் என்று நானும் கேட்டேன். குடையும் நீளக்கையும் கந்தோர் ஜன்னலும்தான் பதில், கண்ணாடிக்குப் பின்னால் விழுகிற வெயில் டி தராது. ரிப்போர்ட்டில் 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் பொதுவாகக் குறைவு என்பார்கள்.

இதில் ஆபத்தான குழப்பம் ஒன்றுண்டு. 50,000 ஐ.யு. (டி-யை அளக்கும் அலகு) குளிசை கிழமைக்கு ஒன்று, குறிப்பிட்ட சில கிழமைக்கு மட்டும். அதைத் தினமும் போட்டால் ரத்தத்தில் கல்சியம் ஏறிச் சத்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும், அந்தச் சத்தியையும் 'கேஸ்ரிக்' என்று நினைத்துக்கொண்டிருப்போம். நாட்காட்டியில் ஞாயிறு ஞாயிறாக வட்டம் போட்டு, போட்டவுடன் வெட்டிவிடுங்கள். கொழுப்போடு சேர்ந்தால் நன்றாக ஏறும், தேங்காய்ப்பால் விட்ட கறியோடு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கலாம்.

கல்சியம் காபனேற் சாப்பாட்டோடு, ஒரு தடவைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், இரும்போடு ஒரே நேரத்தில் கூடவே கூடாது. வயிறு ஊதினால், அல்லது ஒமிப்பிரசோல் எடுப்பவர் என்றால் சித்திரேற் வகை கிடைக்குமா என்று கேளுங்கள், விலை கூட, ஆனால் அமிலம் இல்லாமலும் ஏறும்.

8. வெளிநாட்டுப் போத்தல்

லண்டனிலிருந்து வரும் பெட்டியில் சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே ஒரு போத்தல் நிச்சயம் இருக்கும். அன்போடு வந்ததுதான். திறக்கமுதல் திகதியைப் பாருங்கள், பிறகு லேபிளில் அளவைப் பாருங்கள். டி அளவு மைக்கிரோகிராமில் போட்டிருந்தால் 40-ஆல் பெருக்குங்கள், 25 என்றால் 1000 ஐ.யு. பி6 பெரிய அளவில் நீண்டகாலம் எடுத்தால் அதுவே கால் விறைப்பைக் கொடுக்கும், விறைப்புக்கென்று எடுத்து விறைப்பை வாங்கிக்கொள்ளாதீர்கள். மக்னீசியம் ஒக்சைட் வயிற்றோட்டம் தரும். சி-யை இரண்டு கிராமுக்கு மேல் எடுத்தாலும் அதே கதைதான்.

இன்னொன்று, ஒரே நாளில் எல்லாவற்றையும் தொடங்காதீர்கள். ஒன்றைத் தொடங்கி ஒரு கிழமை பார்த்துவிட்டு அடுத்தது. வயிறு குழம்பினால் யார் செய்த வேலை என்று தெரியவேண்டுமே.

குசினி ஜன்னலோரம் வெக்கையில் வைக்கவேண்டாம், பிள்ளைகளுக்கு எட்டவும் கூடாது. இரும்புக் குளிசை சின்னப் பிள்ளைக்கு நஞ்சு, இனிப்பென்று நினைத்து விழுங்கியிருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உறையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

9. திரும்ப எப்போது பார்ப்பது

இரும்பு தொடங்கி நாலு கிழமையில் ஒரு எப்.பி.சி. ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறியிருக்கவேண்டும், இரண்டு என்றால் சந்தோஷம். ஏறவில்லை என்றால் குளிசையைக் கூட்டச் சொல்லாமல் நாலாம் படிக்கே திரும்பிப் போங்கள். எண் சரியானவுடன் நிறுத்தவும் வேண்டாம், களஞ்சியம் நிரம்ப இன்னும் மூன்று மாதம் அளவு தொடரச் சொல்வார்கள், அதன் பிறகு பெரிற்றின். டி-யை மூன்று மாதத்துக்கு முன் திரும்பப் பார்ப்பது காசுக்குக் கேடு. முடிந்தால் ஒவ்வொரு முறையும் அதே லாப்பில் செய்யுங்கள், ஒவ்வொரு லாப்பிலும் அளவுகோல் கொஞ்சம் மாறும். பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொப்பியில் ஒட்டிவிட்டால் அடுத்த தடவை பார்க்கிற டொக்டர் யாராக இருந்தாலும் ஒரு பார்வையில் பிடித்துக்கொள்வார்.